சத்து மாத்திரைப் புட்டி

கிழக்குத் தாம்பரம்,
18-9-1967

அன்புள்ள மாப்பிள்ளை எட்மண்ட் அவர்களுக்கு,

கர்த்தருடைய சமாதானம் கடல் தாண்டி உங்களிடம் வந்து சேரட்டும். மெட்டில்டாவின் அத்தை ரத்தினபாய் எழுதுகிறேன். இங்கு யாவரும் சுகம் என்று தொடங்கத்தான் கை போயிற்று. முதல் வரியிலேயே பொய் வேண்டாம் என்று நிறுத்திவிட்டேன். மெட்டில்டா உயிரோடு இருக்கிறாள். எங்கள் ஆஸ்பத்திரியில், நான் சிஸ்டராக இருக்கும் வார்டிலேயே, ஜன்னலோரக் கட்டிலில் இருக்கிறாள். வயிற்றில் இருக்கும் குழந்தைக்கும் துடிப்பு கேட்கிறது. இதை மனதில் வைத்துக்கொண்டு, மீதியை உட்கார்ந்து படியுங்கள்.

கடிதத்தோடு ஒரு படிவம் வைத்திருக்கிறேன். அவளுக்கு இருதய ஆபரேஷன் செய்ய வேண்டும். கணவர் கையெழுத்து இல்லாமல் பட்டணத்து ஆஸ்பத்திரியில் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். இப்போது ஐந்து மாதம். ஏழாம் மாதம் தொடங்கிவிட்டால் அவள் உடம்பில் ரத்தம் இன்னும் பெருகும், அவள் இருதயம் அதைத் தாங்காது. எனவே என்னை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டுங்கள், ஆனால் திட்டுவதற்கு முன்னால் கையெழுத்துப் போட்டு விமானத் தபாலில் அனுப்பிவிடுங்கள். கப்பல் தபால் வேண்டாம்.

இருதய ஆபரேஷனா, நல்லாயிருந்த பெண்ணுக்கா என்று கேட்பீர்கள். நல்லாயிருந்த பெண் இல்லை, மாப்பிள்ளை. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

பன்னிரண்டு வயதில் அவளுக்குத் தொண்டைப் புண் வந்தது. அது ஆறிய பிறகு ஜுரம், முழங்கால் வீக்கம். மழையில் விளையாடினதால் வந்தது என்று அண்ணன் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். அண்ணி அப்போதே இல்லை. நான் லீவில் செம்பாக்கம் வீட்டுக்குப் போய் அவள் நெஞ்சில் காதை வைத்தபோது, துடிப்பு நடுவே கரகரவென்று ஒரு சத்தம் கேட்டது. மூட்டு வீக்கம் இரண்டு வாரத்தில் இறங்கிவிட்டது. இருதயத்தில் மட்டும் அந்த நோய் தங்கிவிட்டது. உள்ளே ஒரு அறையிலிருந்து இன்னொரு அறைக்கு ரத்தம் போகிற வாசல் இருக்கிறது. அதற்கு வால்வு என்று பெயர். அது தழும்பேறிச் சுருங்கிவிட்டது. போக வழியில்லாத ரத்தம் பின்னால் தேங்கி நுரையீரலை நனைக்கும். அதனால்தான் மூச்சு வாங்கும். வாத்தியார் பிள்ளை மக்கு, வைத்தியன் பிள்ளை சீக்கு என்பார்கள். வாத்தியார் அண்ணனும் நர்ஸ் நானுமாக ஒரே பெண்ணை வைத்துக்கொண்டு அந்தப் பழமொழியில் பாதியை மெய்யாக்கினோம். அவள் மக்கு இல்லை.

மூன்று வாரத்துக்கு ஒருமுறை பென்சிலின் ஊசி. மறுபடி அந்த ஜுரம் வந்து வால்வை இன்னும் கெடுத்துவிடக் கூடாது என்பதற்காக. ஒன்பது வருஷம் நான்தான் போட்டேன். ஒருமுறைகூடத் தவறவிடவில்லை. அதில் எனக்கு எவ்வளவு கர்வம் என்று உங்களுக்குச் சொன்னால் சிரிப்பீர்கள்.

உங்கள் வீட்டிலிருந்து பெண் கேட்டு வந்தபோது அண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணுன்னு சொல்வாங்க ரத்தினம், நாம சொல்றது ஒண்ணே ஒண்ணுதான்" என்றார். உங்கள் அம்மா ஞானசௌந்தரி அம்மாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, பிள்ளைக்கு உடம்பில் குறை எதுவும் இல்லையே, நீங்கள் நர்ஸ், உங்கள் வாயால் சொன்னால் போதும் என்று கேட்டார்கள். சின்ன வயதில் ஒரு தடவை ஜுரம் வந்தது, அவ்வளவுதான் என்று சொன்னேன். பிறகு மூன்று ஞாயிறு கோயிலில் உங்கள் கல்யாண ஓலை வாசித்தார்கள். இந்த விவாகத்துக்குத் தடை ஏதும் தெரிந்தவர்கள் இருந்தால் சொல்லலாம் என்று போதகர் ஐயர் மூன்று தடவை கேட்டார். மூன்று தடவையும் நான் மூன்றாவது பெஞ்சில் குனிந்து குடையின் துணியை மடித்துக்கொண்டிருந்தேன். வெயில் காலத்தில் ஒரு குடையை எத்தனை தடவை மடிக்க முடியும்?

நீங்கள் மே மாதம் அந்தமானுக்குக் கப்பல் ஏறிய பிறகு, அவள் கீழ்க்கட்டளையில் உங்கள் அம்மாவோடு இருந்துகொண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை மாதர் சங்கக் கூட்டம் என்று தாம்பரத்துக்கு வந்தாள். அப்படி ஒரு கூட்டமும் நடக்கவில்லை. என் குவார்ட்டர்ஸில் ஊசி போட்டு, ஒரு காப்பி கொடுத்து அனுப்புவேன். மருமகள் எவ்வளவு பக்தி என்று உங்கள் அம்மா அக்கம்பக்கத்தில் பெருமையாகச் சொன்னார்களாம்.

அவள் முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிந்ததும் அன்றே செம்பாக்கத்துக்கு ஓடினேன். மாப்பிள்ளைக்கு எழுதுங்கள் என்று அண்ணனிடம் சொன்னேன். பொறு, பொறு என்றார். நானும் பொறுத்தேன். இந்த நோய்க்காரர்களைப் பார்த்தால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, எத்தனை தலையணை வைத்துப் படுக்கிறாய் என்பது. மூச்சு முட்ட முட்டத் தலையணை கூடும். உங்கள் வீட்டில் அவளுக்கு இருந்தது ஒரே தலையணை. மூன்றாம் மாதம் கேட்டபோது, அதற்கடியில் பட்டுப் புடவைகளை மடித்து வைத்துக்கொள்கிறேன் என்றாள். எத்தனை புடவை என்றேன். கல்யாணப் புடவை எல்லாமும் என்றாள்.

எங்கள் டாக்டர் சுந்தரராமனிடம் ரகசியமாகக் காட்டினேன். இருதயம் நிதானமாக, பலமாக அடிப்பதற்கு டிஜாக்சின் என்ற மாத்திரை எழுதினார். தினம் ஒன்று, ஒன்றே ஒன்று. அது நல்ல மருந்து, ஆனால் பொல்லாத மருந்து. கொஞ்சம் கூடினாலும் விஷம். கொடுப்பதற்கு முன் நாடியை ஒரு நிமிஷம் முழுதாக எண்ண வேண்டும், அறுபதுக்குக் கீழே இருந்தால் கொடுக்கக் கூடாது. பதினெட்டு வருஷமாகப் பயிற்சிக்கு வருகிற பெண்களுக்கு இதை நான் பாடம் சொல்கிறேன். அரை நிமிஷம் எண்ணி இரண்டால் பெருக்குகிற பெண்ணை வார்டு வாசலில் நிற்க வைத்திருக்கிறேன்.

இப்போது என் பாவத்துக்கு வருகிறேன். அந்த மாத்திரையை அதன் பெயர் ஒட்டிய புட்டியோடு எப்படி அத்தை அங்கே கொண்டுபோவேன், பக்கத்து வீட்டு துரைராஜ் மாமா கம்பவுண்டர், பார்த்தால் கண்டுபிடித்துவிடுவார் என்று அவள் அழுதாள். நான் என்ன செய்தேன் தெரியுமா? என் அலமாரியில் காலியாக இருந்த சத்து மாத்திரைப் புட்டியைக் கழுவிக் காயவைத்து, டிஜாக்சினை அதில் கொட்டிக் கொடுத்தேன். ஒரு புட்டி மருந்தை இன்னொரு புட்டிக்கு மாற்றாதே என்பது நர்ஸ் படிப்பில் முதல் வாரத்துப் பாடம். அதுகூடத் தெரியாதவளா நான்? எல்லாம் தெரியும். தெரிந்தவள் செய்தால் தப்பு நடக்காது என்ற திமிர்தான்.

உங்கள் அம்மா அந்தப் புட்டியைப் பார்த்தார்கள். வயிற்றுப் பிள்ளைக்குச் சத்து வேண்டாமா, ஒரு வேளை போதுமா, இவள் மறந்துபோவாள் என்று புட்டியைத் தன் அலமாரியில் வைத்துக்கொண்டு, மூன்று வேளையும் பாலோடு தன் கையாலேயே கொடுத்திருக்கிறார்கள். ஒன்று போதும் அத்தை என்று இவள் சொல்லிப் பார்த்திருக்கிறாள். கேட்கவில்லை. நாக்குக்கு அடியில் ஒதுக்கித் துப்பப் பார்த்திருக்கிறாள். ஆனால் அவர்கள் டம்ளர் காலியாகும்வரை தலையைத் தடவிக்கொண்டு பக்கத்திலேயே நிற்பார்களாம். இது சத்து மாத்திரை இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் எல்லாம் வெளியே வந்துவிடும். அந்த ஒரு வார்த்தைக்குப் பயந்து விழுங்கியிருக்கிறாள். வாந்தி வந்தது. சாப்பாட்டைப் பார்த்தாலே குமட்டியது. மசக்கை என்று உங்கள் அம்மா இன்னும் கூடுதலாகக் கவனித்தார்கள். ஐந்தாம் மாதத்தில் மசக்கை ஏது?

பன்னிரண்டு நாள் அப்படிப் போனது. போன ஞாயிற்றுக்கிழமை ஊசிக்கு வந்தவள், ஆராதனையில் விளக்கெல்லாம் மஞ்சளாய்த் தெரிகிறது அத்தை என்றாள். மஞ்சளாய்த் தெரிவது அந்த மாத்திரை விஷமாகிவிட்டதற்கு அடையாளம். நான் ஸ்டெதாஸ்கோப்பை நெஞ்சில் வைத்தேன், பயிற்சிப் பெண் தபீதாளை மணிக்கட்டைப் பிடிக்கச் சொன்னேன். முழு நிமிஷம் எண்ணினோம். நாற்பத்தாறு. அதிலும் இரண்டு துடிப்புக்கு ஒரு தடவை நின்று நின்று போனது. அன்றே சேர்த்துவிட்டோம்.

டாக்டர் திட்டவில்லை. நான் கீழ்க்கட்டளைக்குப் போய் எடுத்துவந்த புட்டியை வாங்கித் திருப்பிப் பார்த்தார். யார் மாற்றியது என்று கேட்டார். நான் என்றேன். சரி சிஸ்டர் என்று புட்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். நாலு வார்த்தை கேட்டிருந்தால் தேவலாம்.

மாத்திரையை நிறுத்தியாயிற்று. விஷம் இறங்குகிறது. ஆனால் மாத்திரை இல்லாமல் இருதயம் தறிகெட்டு ஓடுகிறது, நுரையீரலில் நீர் ஏறுகிறது. இனி வால்வைத் திறப்பது ஒன்றுதான் வழி. பட்டணத்து டாக்டர் விலா எலும்புகளுக்கு நடுவே போய் இருதயத்துக்குள் விரலை விட்டு அந்த வாசலை அகலமாக்குவார். கர்ப்பிணிகளுக்கும் செய்திருக்கிறார்கள், பிழைத்திருக்கிறார்கள். எல்லோரும் பிழைத்தார்கள் என்று எழுத மாட்டேன். பொய் எழுதி அலுத்துவிட்டது.

உங்கள் அம்மாவிடம், கர்ப்பத்தினால் வந்த இருதய பலவீனம் என்று மட்டும் அண்ணன் சொல்லிவைத்திருக்கிறார். புட்டியை டாக்டர் வாங்கிக்கொண்டார், வேறு சத்து மருந்து தருவார் என்று நான் சொல்லியிருக்கிறேன். அவர்கள் கொடுத்தது என்ன என்று அவர்களுக்குத் தெரியாது. நீங்களும் எழுதிவிட வேண்டாம்.

ஏமாற்றி என் தலையில் கட்டினீர்கள் என்று நீங்கள் சொன்னால் அது மெய்தான். அவளை வேண்டாம் என்றுகூடச் சொல்லுங்கள், அதைப் பிறகு பேசிக்கொள்ளலாம். கையெழுத்தை மட்டும் மறுக்காதீர்கள். அவளுக்கு இருபத்தொரு வயதுதான் ஆகிறது.

தேவன் உங்கள் மனதை இளக்கட்டும்.

இப்படிக்கு,
ரத்தினபாய்


கிழக்குத் தாம்பரம்,
3-10-1967

என் அருமை மாப்பிள்ளைக்கு,

உங்கள் கடிதமும் கையெழுத்திட்ட படிவமும் நேற்று மத்தியானம் வந்து சேர்ந்தன. தபால்காரரை மூன்று நாளாக வார்டு வாசலிலேயே மறித்துக்கொண்டிருந்தேன். மனிதர் என்னைக் கண்டாலே சைக்கிளை வேறு பக்கம் திருப்ப ஆரம்பித்துவிட்டார். நேற்று அவரே கூப்பிட்டுக் கொடுத்தார். பட்டணத்தில் இடம் சொல்லியாயிற்று. வெள்ளிக்கிழமை ஆறாம் தேதி காலை ஆபரேஷன்.

உங்களுக்கு உடனே கப்பல் கிடைக்கவில்லை, பதினான்காம் தேதிதான் அடுத்த கப்பல் என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்குக் காத்திருக்க முடியாது. போன வியாழக்கிழமை நடந்ததைச் சொன்னால் ஏன் என்று புரியும். விடியற்காலை அவளுக்கு நுரையீரல் நிறைந்துவிட்டது. வாயில் நுரை, அதுவும் இளஞ்சிவப்பாக. கட்டிலில் கால்களைத் தொங்கவிட்டு உட்காரவைத்து, ஆக்சிஜன் வைத்து, டாக்டர் ஊசி போட்டார். கை கால் நான்கில் மூன்றை ரப்பர் பட்டையால் கட்டி, கால் மணி நேரத்துக்கு ஒரு பட்டையை அவிழ்த்து அடுத்ததைக் கட்ட வேண்டும். உடம்பின் ரத்தம் ஒரே நேரத்தில் இருதயத்துக்குத் திரும்பிவிடாமல் கைகால்களிலேயே கொஞ்சம் தடுத்து நிறுத்துவதற்காக. கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்துக் கட்டி அவிழ்த்தேன். அவள் மூச்சுக்குத் தவித்துக்கொண்டே என் முகத்தைப் பார்த்தாள். அந்தப் பார்வையை எனக்குத் தெரியும், எத்தனையோ பேரிடம் பார்த்திருக்கிறேன். நம் வீட்டுப் பிள்ளையின் முகத்தில் அதைப் பார்ப்பது வேறு. எட்டு மணிக்கு மூச்சு கொஞ்சம் இறங்கியது. நான் ஸ்டோர் ரூமுக்குள் போய்ப் பஞ்சுப் பொதியில் முகத்தை வைத்து அழுதேன்.

இனி உங்கள் கடிதத்துக்கு வருகிறேன். என்னைத் திட்டுவீர்கள் என்று நினைத்து, கதவைச் சாத்திக்கொண்டுதான் பிரித்தேன். நீங்கள் எழுதியிருந்த இரண்டு வரியைப் பத்து தடவை படித்துவிட்டேன்.

கல்யாணமான பத்தாம் நாள் பரங்கிமலைக்குப் போனபோது, படிக்கட்டில் பாதியில் உட்கார்ந்துவிட்டு எல்லாவற்றையும் உங்களிடம் சொல்லிவிட்டாளாமே. அத்தைக்குத் தெரிய வேண்டாம், யாரிடமும் சொல்வதில்லை என்ற வாக்கை நான் தவறினதாக வருத்தப்படுவார்கள் என்றாளாமே. நீங்களும் இத்தனை மாதம் வாயைத் திறக்கவில்லை. "நர்ஸ் அத்தையே கூட இருந்து கல்யாணத்தை நடத்தியிருக்கிறார்கள் என்றால் பயப்பட ஒன்றும் இருக்காது என்று நம்பினேன்" என்று எழுதியிருக்கிறீர்கள்.

ஏமாற்றுக்காரி என்று எழுதியிருந்தால் பொறுத்துக்கொண்டிருப்பேன். நம்பினேன் என்று எழுதிவிட்டீர்களே, மாப்பிள்ளை. கர்ப்பம் கூடாது, வால்வைத் திறந்த பிறகுதான் குழந்தை என்று உங்களிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நீங்கள் கேட்டிருப்பீர்கள். கேட்கிற மனுஷர்தான் என்று இப்போது தெரிகிறது. உங்களிடம் ரகசியம் என்று நான் மூடி மூடி வைத்தது உங்களுக்குத் தெரிந்த விஷயம். உங்களுக்கு உண்மையில் தெரிந்திருக்க வேண்டிய விஷயத்தை மட்டும் ஒருவரும் சொல்லவில்லை.

மெட்டில்டாவிடம் உங்கள் கடிதத்தைக் கொடுத்தேன். படித்துவிட்டு, என்னைப் பார்க்க வெட்கப்பட்டுக்கொண்டு மூடிய ஜன்னலைப் பார்த்தாள். அவர் என்ன சாப்பிடுகிறார், யார் சமைக்கிறார்கள் என்று கேட்டு எழுதச் சொன்னாள். நான் உப்பில்லாமல் கொடுக்கிற கஞ்சியைத் திட்டி உங்களிடம் புகார் சொல்லவும் சொன்னாள். சொல்லிவிட்டேன்.

உங்கள் அம்மா தினமும் பல்லாவரம் வரை பஸ், அங்கிருந்து ரயில் என்று வந்துவிட்டுப் போகிறார்கள். குழந்தைக்குச் சின்னச் சின்னச் சட்டை தைக்கிறார்கள். வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு நீங்கள் எங்கே இருந்தாலும் முழங்காற்படியிடுங்கள்.

உங்கள் நம்பிக்கைக்குத் தகுதியில்லாத,
ரத்தினபாய் அத்தை


சென்னை,
17-10-1967

அன்பு மாப்பிள்ளை,

நாளைக் காலை துறைமுகத்தில் அண்ணன் இந்தக் கடிதத்தை உங்கள் கையில் கொடுப்பார். டாக்ஸியில் ஏறுவதற்கு முன்னால் படித்துவிடுங்கள். அண்ணனுக்கு வாயால் சொல்ல வராது. எனக்கும் வராது என்பதால்தான் எழுதுகிறேன்.

ஆபரேஷன் முடிந்தது, மெட்டில்டா சுகம் என்று தந்தி கொடுத்தேன். அது மெய். வால்வு நன்றாகத் திறந்துவிட்டது. இப்போது ஒரே தலையணையில் படுத்துத் தூங்குகிறாள். பன்னிரண்டு வயதுக்குப் பிறகு அவள் உதட்டுக்கு இப்படி ஒரு நிறம் வந்து நான் பார்த்ததில்லை. ஆனால் தந்தியில் நான் பாதிதான் கொடுத்தேன். கப்பலில் நாலு நாள் தனியாக வருகிறவரிடம் மீதியைச் சொல்ல மனம் வரவில்லை. மறுபடியும் மறைத்தேன். இது கடைசி.

குழந்தை தங்கவில்லை, மாப்பிள்ளை. எட்டாம் தேதி ஞாயிற்றுக்கிழமை காலை துடிப்பு நின்றுவிட்டது. சாயங்காலம் பிறந்தது. ஆண் குழந்தை. என் உள்ளங்கையும் மணிக்கட்டும் சேர்ந்த நீளம் இருந்தான். மூக்கு உங்கள் மூக்கு. நானே குளிப்பாட்டி, உங்கள் அம்மா தைத்த சட்டையில் ஒன்றைப் போட்டேன். பெரிதாக இருந்தது, மடித்துச் சுற்றினேன். ஐயர் வந்து ஜெபித்தார். அண்ணியின் கல்லறைக்குப் பக்கத்தில் வைத்தோம். மாத்திரையினாலா, அன்று மூச்சு முட்டியதாலா, ஆபரேஷனாலா என்று டாக்டரிடம் கேட்டேன். எல்லாமும்தான் சிஸ்டர், பிரித்துச் சொல்ல முடியாது என்றார். நான் பிரித்துத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். எப்படிப் பிரித்தாலும் என்னிடம் வந்துதான் நிற்கிறது.

மெட்டில்டாவுக்குத் தெரியும். மறுநாள் நீங்கள் வரும் தேதியை மட்டும் கேட்டாள்.

இனிதான் நான் எழுத வேண்டிய விஷயம்.

பதினோராம் தேதி உங்கள் அம்மா வார்டுக்கு வந்தார்கள். மூன்று நாள் அழுது, அழுது முடிந்த கோபத்தோடு வந்தார்கள். வராந்தாவில் பத்து பேர் பார்க்க என்னைப் பிடித்துக்கொண்டார்கள். பேரப்பிள்ளைக்குச் சத்து இறங்கிக்கொண்டிருந்தது, நான் வேளை தவறாமல் கொடுத்துக்கொண்டிருந்தேன், நீ புட்டியைப் பிடுங்கிக்கொண்டு போன நாளிலிருந்துதான் எல்லாம் கெட்டது, பிள்ளை பெறாதவளுக்கு என்ன தெரியும் என்றார்கள். அதைக் கேட்டுக்கொண்டு நான் நின்றிருக்க வேண்டும். பெற்ற வயிறு எரிகிற நேரத்தில் பேசுகிற பேச்சு அது. எத்தனை வீட்டாரிடம் எத்தனை வசவு வாங்கியிருக்கிறேன், ஒன்றுக்கும் வாய் திறந்ததில்லை. அன்றைக்குப் பிள்ளை பெறாதவள் என்ற சொல் எங்கேயோ தைத்துவிட்டது.

"அது சத்து மாத்திரை இல்ல. இருதயத்துக்கு உள்ள மாத்திரை. ஒண்ணுக்கு மேல கொடுத்தா விஷம்" என்று சொல்லிவிட்டேன்.

உங்கள் அம்மா என்னையே பார்த்தார்கள். பிறகு மெதுவாகக் கேட்டார்கள்.

"அப்ப நான் இத்தினி நாளா இன்னாத்தக் குடுத்தேன், சிஸ்டரம்மா?"

நான் காலில் விழுந்தேன். நான் கொடுத்ததைத்தான் நீங்கள் கொடுத்தீர்கள், புட்டி என்னுடையது, பொய் என்னுடையது, உங்கள் மேல் ஒரு துளிப் பழி இல்லை என்று சொன்னேன். காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. சொல்ல வேண்டிய நாளிலெல்லாம் குனிந்திருந்துவிட்டு, வாயை மூடிக்கொள்ள வேண்டிய அன்றைக்குச் சொல்லியிருக்கிறேன். என்றைக்காவது உங்கள் வாயால், பக்குவமாக, அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டிய விஷயம். கோபத்தில் எறிந்துவிட்டேன்.

அன்றிலிருந்து அவர்கள் அடுப்பு பற்றவைக்கவில்லை. பக்கத்து வீட்டிலிருந்து சோறு வருகிறது, மூடியபடி திரும்பிப் போகிறது. அண்ணன் போய்ப் பார்த்தார். காப்பிகூடத் தன் கையால் எடுத்துக் கொடுக்கவில்லையாம். அமலராணி அக்கா கொடுப்பாங்க என்று அடுத்த வீட்டுப் பெண்ணைக் கூப்பிட்டார்களாம். ஞாயிற்றுக்கிழமை கோயில் விருந்தில் பரிமாறச் சொன்னதற்கு, என் கையால வேணாம் என்று எழுந்து வந்துவிட்டார்களாம். மெட்டில்டா கூப்பிட்டு அனுப்பியும் வரவில்லை. கீழ்க்கட்டளை அத்தை மேல எனக்கு ஒண்ணும் இல்லைன்னு சொல்லுங்க என்று அவள் என்னிடம் சொல்லிக்கொண்டே இருக்கிறாள். நான் போனால் கதவு திறக்காது.

நான் வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்திருக்கிறேன். வருத்தப்பட்டு எழுதவில்லை. பயிற்சிப் பெண்கள் முன்னால் நின்று மருந்துப் பாடம் சொல்ல இனி எனக்கு நாக்கு எழாது. மெட்டில்டாவுக்கு அந்த ஊசி இன்னும் பல வருஷம் வேண்டும். தபீதாளுக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறேன், நன்றாகப் போடுகிறாள். நீங்கள் அவளை அந்தமானுக்கு அழைத்துப் போனால் அங்கே ஆஸ்பத்திரியில் போட்டுக்கொள்ளச் சீட்டு எழுதி வைத்திருக்கிறேன். எழுத்தெல்லாம் பெரிதாக, தெளிவாக எழுதியிருக்கிறேன். உப்பு குறைவு. படி ஏறும்போது அவள் வேகத்துக்கு நீங்கள் ஏறுங்கள்.

உங்களிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு உரிமை இல்லை. ஒன்று மட்டும் கேட்கிறேன். அண்ணன் உங்களை நேரே ஆஸ்பத்திரிக்கு அழைத்துவரப் பார்ப்பார். வராதீர்கள். மெட்டில்டா காத்திருப்பாள், அவளே இப்படித்தான் எழுதச் சொன்னாள். முதலில் கீழ்க்கட்டளைக்குப் போங்கள். பெட்டியை இறக்கி வைத்தவுடன், எதையும் பேசுவதற்கு முன்னால், பசிக்கிறது என்று சொல்லுங்கள். ஏதாவது வாங்கிவருகிறேன் என்பார்கள், விடாதீர்கள். கஞ்சியோ பழையதோ, உங்கள் அம்மா கையாலேயே வாங்கிச் சாப்பிடுங்கள். அவர்கள் பார்க்கச் சாப்பிடுங்கள். டம்ளர் காலியாகும்வரை பக்கத்திலேயே நிற்கச் சொல்லுங்கள்.

தேவன் உங்கள் மூவரையும் காப்பாராக.

ரத்தினபாய்